வென்ற பிறகு

ஒரு கிழவர் சீட்டியடிக்கிறார். நான்கே சுரங்கள். பழத்தோட்டத்தில் அன்றைய வேலை முடிந்தது என்று தெரிவிக்க ஒரு சிறுமி பயன்படுத்தி வந்த மெட்டு அது. அந்தச் சிறுமி இப்போது உயிரோடு இல்லை. சீட்டி அடங்கியதும் சதுக்கத்தில் கூடியிருக்கும் மொத்தக் கூட்டமும் இடது கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து எடுத்து, மேடையில் நிற்கும் 16 வயதுப் பெண்ணை நோக்கி நீட்டுகிறது. கோஷம் இல்லை. கல்வீச்சு இல்லை. சில நிமிடங்களுக்குள் காவலர்கள் அந்தக் கிழவரைப் படிக்கட்டின் உச்சிக்கு இழுத்து வந்து, மண்டியிட வைத்து, தலையில் சுடுகிறார்கள்.

இது நடப்பது ஒரு கதைப் புத்தகத்தில். அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட புத்தகம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸின் 'கேட்சிங் ஃபயர்' 2009 செப்டம்பரில் வெளிவந்தது. 2008இல் வந்த 'த ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகம், 2010இல் வந்த 'மாக்கிங்ஜே' மூன்றாம் பாகம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது இது. பிள்ளைகள் இரவெல்லாம் விழித்து இந்த மூன்றையும் படிப்பதைப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒருவரை ஒருவர் கொன்று தின்கிற கதையாம்" என்று பெற்றோர்கள் முகம் சுளிப்பது உண்டு. தின்பதில்லை. கொல்வது உண்மை.

மூன்று பாகக் கதைகளில் நடுப்பாகம் கிட்டத்தட்ட நடுப்பிள்ளை மாதிரி. மூத்ததற்குக் கிடைக்கும் வரவேற்பு இல்லை, கடைக்குட்டிக்குக் கிடைக்கும் சலுகை இல்லை. உலகத்தை அறிமுகப்படுத்தும் சுகம் முதல் பாகத்துக்குப் போய்விடுகிறது. கணக்குத் தீர்க்கும் உரிமை மூன்றாவதற்கு. நடுவில் உள்ளது பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலேயே வளர்ந்த வாசகர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். பல எழுத்தாளர்கள் இந்தப் பாகத்தில் பாத்திரங்களை இங்குமங்கும் அலையவிட்டுப் பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். காலின்ஸ் அப்படிச் செய்யவில்லை. வெற்றி பெற்றவளுக்கு மறுநாள் காலையில் என்ன ஆகிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாகத்தைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. வட அமெரிக்கா அழிந்த இடத்தில் பானெம் என்றொரு நாடு. செல்வச் செழிப்பான தலைநகரம் ஒன்று, அதற்கு உழைத்துக் கொட்டும் மாவட்டங்கள் 12. ஒரு காலத்தில் மாவட்டங்கள் கலகம் செய்து தோற்றன. அதற்குத் தண்டனையாக ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் குலுக்கல் முறையில் அனுப்ப வேண்டும். 24 பேரும் ஒரு களத்தில் இறக்கிவிடப்படுவார்கள். ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை சாவு தொடரும். நாடு முழுவதும் அதைத் தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். நிலக்கரிச் சுரங்க மாவட்டத்தைச் சேர்ந்த காட்னிஸ் எவர்டீன் தன் தங்கைக்குப் பதிலாகப் போகிறாள். கடைசியில் அவளும் அதே மாவட்டத்துப் பையன் பீட்டாவும் மிஞ்சும்போது, ஒருவரையொருவர் கொல்வதற்குப் பதிலாக இருவரும் விஷப்பழத்தை வாயில் போட்டுக்கொள்ளப் போவதாக மிரட்டுகிறார்கள். வெற்றியாளர் இல்லாமல் ஆட்டம் முடிந்துவிடுமே என்று பதறி, இருவரையும் வென்றவர்களாக அறிவிக்கிறார்கள்.

வியட்நாம் போருக்குப் போய்வந்த விமானப்படை அதிகாரி ஒருவரின் மகள் காலின்ஸ். டி.வி.யில் சானல்களை மாற்றிக்கொண்டே போனபோது, ஒன்றில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சியும் இன்னொன்றில் இராக் போர்க் காட்சிகளும் ஓடினவாம். இரண்டும் மனதில் ஒன்றாகக் கலந்ததில் பிறந்தது இந்தக் கதை என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காலின்ஸே முன்பு குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதியவர். எந்தக் காட்சியை வெட்டினால் எது மறைந்துபோகும் என்பது அவருக்குத் தொழில்ரீதியாகவே தெரியும்.

'கேட்சிங் ஃபயர்' தொடங்கும்போது ஆறு மாதம் ஓடிவிட்டது. காட்னிஸுக்குப் பெரிய வீடு. மாதாமாதம் பணம். இனி வாழ்நாளில் பசி இல்லை. கதை எழுதுகிற பலர் இந்த இடத்தில் 'சுபம்' போட்டிருப்பார்கள். ஆனால் இந்தப் பரிசுக்கு ஓர் உள்விவகாரம் உண்டு. வென்றவர்கள் ஒவ்வோர் ஆண்டும் தங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் இருவருக்குப் பயிற்சி கொடுத்து, களத்துக்கு அழைத்துப் போய் விட்டுவிட்டு வர வேண்டும். காட்னிஸுக்கு முன்பு அவள் மாவட்டத்தில் உயிரோடிருந்த ஒரே வெற்றியாளர் ஹேமிட்ச் என்ற குடிகாரர். 50ஆவது போட்டியில் வென்றவர். அதற்குப் பிறகு 23 ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு பேராக 46 பிள்ளைகளை அழைத்துப் போய்த் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். முதல் பாகத்தில் சிரிப்பு மூட்டுகிற குடிகாரராகத் தெரிந்தவர், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அப்படித் தெரிவதில்லை.

புத்தகத்தின் மிகச் சிறந்த காட்சி சண்டைக் காட்சி அல்ல. ஒரு படிப்பறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது. காட்னிஸின் வீட்டுக்கு ஜனாதிபதி ஸ்னோவே நேரில் வந்துவிடுகிறார். சட்டையில் வெள்ளை ரோஜா, மூச்சில் ரத்த வாடை. குரலை உயர்த்துவதில்லை. கீழே அவள் அம்மா தேநீரும் பலகாரமும் தயார் செய்கிறாள், மரியாதைக்குரிய விருந்தாளி அல்லவா! ஒருவருக்கொருவர் பொய் சொல்வதில்லை என்று முதலில் ஓர் ஒப்பந்தம். பிறகு விஷயத்துக்கு வருகிறார். அந்த விஷப்பழக் காரியத்தைத் தலைநகர மக்கள் காதல் பைத்தியம் என்று நம்புகிறார்கள், மாவட்டங்களில் சிலர் அதை எதிர்ப்பு என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தை அவளே போக்க வேண்டும். எப்படி? இன்னும் நன்றாகக் காதலித்துக் காட்ட வேண்டும்.

எதிரியைக் கொல்வது அரசுக்குப் பெரிய காரியமில்லை. அவள் சுரங்க விபத்தில் செத்தாள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கொன்றால் அவள் தியாகி. உயிரோடு வைத்துச் சிரிக்கச் செய்தால் அரசின் விளம்பரப் பலகை. ஸ்னோ இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். பயமுறுத்தல் இலவச இணைப்பு: அவளோடு சேர்ந்து வேட்டையாடும் கேல் என்ற இளைஞனின் பெயரை ஒரே ஒருமுறை சொன்னால் போதுமானதாக இருக்கிறது. சர்வாதிகாரிகள் பற்றிய எத்தனையோ பெரியவர்கள் நாவல்களில் இவ்வளவு அமைதியான மிரட்டல் கிடையாது.

வெற்றியாளரைப் பிடித்து வேலைக்காரராக்கும் இந்த உத்தியைப் பழைய வாசகர்கள் வேறு ஒரு நடுப் புத்தகத்தில் பார்த்திருப்பார்கள். ஜான் கிறிஸ்டோபர் என்ற பெயரில் எழுதிய ஆங்கிலேயர் சாம் யூட், 1967இல் வெளியிட்ட 'த சிட்டி ஆஃப் கோல்ட் அண்ட் லெட்'. 'ட்ரைபாட்ஸ்' வரிசையின் இரண்டாவது கதை. மூன்று கால் இயந்திரங்களில் உலவும் வேற்றுக் கிரகவாசிகள் பூமியை ஆள்கிறார்கள். ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டி நடத்துகிறார்கள். வெல்கிற இளைஞர்கள் பெருமிதத்தோடு அவர்களுடைய நகரத்துக்குப் போகிறார்கள், யாரும் திரும்புவதில்லை. எதிர்ப்பாளர்கள் அனுப்பிய உளவாளியாக, வில் என்ற பையன் குத்துச்சண்டையில் வென்று உள்ளே நுழைகிறான். அங்கே உடம்பே ஈயமாய்க் கனக்கிறது. காற்று மனிதர்களுக்கு விஷம், முகமூடி இல்லாமல் மூச்சுவிட முடியாது. அடிமைகள் ஓரிரு ஆண்டுகளில் ஓய்ந்து செத்துப்போகிறார்கள், அதையும் பாக்கியம் என்று நினைத்துக்கொண்டே.

வில்லின் எஜமானன் கொடூரன் அல்ல என்பதுதான் கதையின் கசப்பு. அவனுக்கு இந்தப் பையன்மீது பிரியம். வளர்ப்பு நாயிடம் பேசுவதுபோல் பேசுகிறான், தடவிக் கொடுக்கிறான். அந்தப் பிரியத்தில்தான், பூமியின் காற்றையே தங்களுக்கு ஏற்றதாக மாற்றப் போகிறோம் என்ற ரகசியத்தையும் உளறிவிடுகிறான். மனித இனம் மொத்தமும் மூச்சுத் திணறிச் சாகும் என்பது அவனுக்கு ஒரு வருத்தமான தகவல், அவ்வளவுதான். பி.பி.சி. 1984, 1985இல் இந்தக் கதையைத் தொடராக எடுத்தது. முதல் இரண்டு புத்தகங்கள் முடிந்ததும் தொடரை நிறுத்திவிட்டது. மூன்றாவது வரவே இல்லை. அதைப் பார்த்த பிரிட்டிஷ் பிள்ளைகள் நடுப்பாகத்திலேயே நின்றுபோனார்கள், பூமி இன்னும் விடுதலையாகாத இடத்தில்.

காட்னிஸிடம் திரும்புவோம். வென்றவர்களை ஊர் ஊராக அழைத்துச் செல்லும் 'வெற்றி உலா' என்று ஒன்று. ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் சரியாக நடுவில் அதை வைத்திருக்கிறார்கள், பயம் ஆறிப்போகக் கூடாது என்று. செத்துப்போன பிள்ளைகளின் பெற்றோர் மேடைக்கு எதிரே நின்று, தங்கள் பிள்ளை சாகத் தான் பிழைத்தவளுக்குக் கைதட்ட வேண்டும். 11ஆம் மாவட்டத்தில் அப்படி நிற்பது களத்தில் காட்னிஸின் தோழியாக இருந்து இறந்துபோன ரூ என்ற சிறுமியின் குடும்பம். எழுதிக் கொடுத்த உரையைப் படித்துவிட்டுப் போயிருந்தால் எதுவும் நடந்திருக்காது. காட்னிஸ் மனம் கேட்காமல், அந்தச் சிறுமிக்கு நன்றி சொல்லிவிடுகிறாள். அதற்குப் பதில்தான் கிழவரின் சீட்டி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. மூன்று விரல் வணக்கம் முதல் பாகத்திலேயே வருகிறது. அங்கே அது சாவு வீடுகளில் காணக்கூடிய பழைய வழக்கம். நன்றி, மதிப்பு, பிரிகிறவருக்கு விடை, இவ்வளவே பொருள். நடுப்பாகத்தில் அதே சைகை குற்றமாகிறது. கையை நீட்டியவர்கள் மாறவில்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். ஒரு மரியாதையை ராஜத்துரோகமாக மாற்றியது கலகக்காரர்கள் அல்ல, அரசின் துப்பாக்கி. காட்னிஸுக்கு இதில் வந்து விழும் பாடம் வேறு. நல்ல மனதோடு நாலு வார்த்தை பேசினாள். அதற்கு விலை கொடுத்தது அவள் அல்ல, முன்பின் தெரியாத ஒரு கிழவர். வீரத்தைப் பற்றி இளைஞர்களுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரசீதைக் காட்டுவதில்லை.

கதைக்கு வெளியே வந்த சைகையின் சரித்திரம் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததே. 2014 மே 22 அன்று தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டம் கூடத் தடை. சில நாட்களுக்குள் பாங்காக் தெருக்களில் இளைஞர்கள் பேசாமல் மூன்று விரல்களை உயர்த்தத் தொடங்கினார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். ராணுவம் எச்சரித்தது. நவம்பர் 19 அன்று கோன் கேன் நகரில் பிரதமர் பிரயுத் சான் ஓச்சா பேசிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்று விரல் உயர்த்திய ஐந்து மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் மூன்றாம் பாகத்தின் திரைப்படம் வெளியாகிறது. மாணவர்கள் கூட இருந்த பாங்காக் திரையரங்கு ஒன்று திரையிடலையே ரத்து செய்துவிட்டது. ஒரு சினிமாச் சைகைக்கு இப்படிப் பயப்படுவதன் மூலம் அதற்கு அர்த்தம் கற்பித்தது யார் என்பதை நடுப்பாகத்தைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2021 பிப்ரவரி 1இல் மியான்மரிலும் ராணுவப் புரட்சி. அங்கே மருத்துவமனை ஊழியர்கள் தொடக்கத்திலேயே இந்த விரல்களை உயர்த்தினார்கள். பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் அந்நாட்டின் தூதர் சோ மோ துன், தன் சொந்த நாட்டு ராணுவத்துக்கு எதிராகப் பேசி முடித்து, மூன்று விரல்களை உயர்த்தினார். மறுநாளே அவரைப் பதவி நீக்கியதாக ராணுவம் அறிவித்தது. அதற்கு முன்பே, பிப்ரவரி 9 அன்று, தலைநகர் நேபிடாவில் ஆர்ப்பாட்டத்துக்குப் போயிருந்த ஓர் இளம்பெண் தலையில் சுடப்பட்டிருந்தார். பத்து நாள் கழித்து மருத்துவமனையில் இறந்துபோனார். உலகச் செய்திகள் விரல்களைப் பற்றி நிறையப் பேசின. சினிமாவைப் பார்த்து இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று அலுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கதையைப் படித்துவிட்டுத் தெருவுக்குப் போகிறவர்கள், இது விளையாட்டு என்று நினைத்துப் போயிருக்க முடியாது. கிழவரின் சாவு அந்தப் புத்தகத்தின் முதல் 70 பக்கங்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

கிழவருக்குப் புத்தகத்தில் பெயர் இல்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு நடப்பவை வேறு விதத்தில் சுவாரஸ்யமானவை. 12ஆம் மாவட்டத்தில் அதுவரை இருந்த காவலர்கள் அப்படியொன்றும் உத்தமர்கள் அல்ல. காட்டில் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். ஆனால் வேட்டை இறைச்சியை முதலில் வாங்குகிறவர்களே அவர்கள்தான். கள்ளச்சந்தையில் உட்கார்ந்து சூப் குடிப்பார்கள். பிறகு தலைநகரத்திலிருந்து புதிய தலைமைக் காவலர் வருகிறார். கை சுத்தம், சட்டப் புத்தகம் கையில். ஒரு வான்கோழியோடு பிடிபட்ட கேலைச் சதுக்கத்தில் கட்டிவைத்து முதுகுத் தோல் கிழியச் சவுக்கால் அடிக்கிறார். கள்ளச்சந்தை எரிக்கப்படுகிறது. ஏழைகள் அடுப்பு அணைகிறது. சட்டம் அநியாயமாக இருக்கும் இடத்தில் அதை ஒழுங்காக நிறைவேற்றுகிறவர்தான் அதிக ஆபத்தானவர் என்பது நம்மூர் வாசகருக்கு ஒரு நிமிடத்தில் புரியும். இளம் வாசகர்களுக்கான புத்தகம் ஒன்று அதை இவ்வளவு தெளிவாகச் சொல்வது அபூர்வம்.

ரொட்டி இன்னொரு சங்கதி. பானெம் என்ற சொல்லே லத்தீனில் ரொட்டி. மக்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் கொடுத்தால் அரசியலைக் கேட்க மாட்டார்கள் என்று ரோமானியக் கவிஞர் ஜுவெனல் கிண்டல் செய்ததிலிருந்து வந்த பெயர். நடுப்பாகம் முழுவதும் ரொட்டி வந்துகொண்டே இருக்கிறது. தலைநகர விருந்தில் வயிறு நிரம்பியவர்கள் வாந்தியெடுக்க ஒரு பானம் குடித்துவிட்டு மறுபடி சாப்பிட உட்காருகிறார்கள். ரொட்டிக் கடைக்காரர் மகனான பீட்டாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. காட்டில் ஒளிந்து தப்பிவரும் இரண்டு பெண்கள் காட்னிஸிடம் நீட்டுவது, அவளுடைய பறவைச் சின்னம் அச்சிட்ட ஒரு ரொட்டித் துண்டு. அதுதான் கலகக்காரர்களின் அடையாள அட்டை. பின்னால் களத்துக்குள் வானத்திலிருந்து இறங்கும் ரொட்டிகளிலும் ஒரு ரகசியம் உண்டு. எந்த மாவட்டத்து ரொட்டி, எத்தனை எண்ணிக்கை என்பது மீட்க வரும் நாளையும் மணியையும் சொல்லும் சங்கேதம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காட்னிஸுக்கு அது தெரியாது.

ஆம், பின்னால் மறுபடியும் களம். போட்டிக்கு 75ஆவது ஆண்டு. 25 ஆண்டுக்கு ஒருமுறை விசேஷ விதி போடுவது வழக்கம். இந்த முறை, இதுவரை வென்று உயிரோடிருப்பவர்களிலிருந்தே ஆட்களை எடுக்க வேண்டும் என்று அறிவிக்கிறார் ஸ்னோ. வாழ்நாள் முழுவதும் பாதுகாப்பு என்று கொடுத்த வாக்கு ஒரு மஞ்சள் உறையைப் பிரித்ததும் காற்றில் போய்விடுகிறது. 12ஆம் மாவட்டத்தின் ஒரே பெண் வெற்றியாளர் காட்னிஸ். குலுக்கல் வெறும் சடங்கு. ஆண்களில் ஹேமிட்சின் பெயர் வர, பீட்டா அவருக்குப் பதிலாகத் தானே போகிறான்.

இந்தப் பின்பாதியில் புத்தகம் கொஞ்சம் தொய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடிகார முகம்போல் 12 பகுதிகளாகப் பிரித்த காடு, மணிக்கு ஒரு ஆபத்து. ஒரு மணியில் ரத்த மழை, இன்னொன்றில் விஷப் பனி, மற்றொன்றில் வெறிபிடித்த குரங்குகள். திறமையான ஏற்பாடுதான், ஆனால் முதல் பாகத்தின் களத்தைப் பார்த்தவர்களுக்கு இது இரண்டாவது ஆட்டம். பீட்டாவா, கேலா என்ற மனக்குழப்பமும் தேவைக்கு மேல் நீள்கிறது. காட்னிஸுக்கே அதில் முழு ஆர்வம் இல்லை என்று படுகிறது, வாசகருக்கு எங்கிருந்து வரும்? மாக்ஸ் என்ற 80 வயதுக் கிழவி, தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞன் இன்னொருவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்று கண்டதும், பேசாமல் விஷப் பனிக்குள் நடந்து போகும் இடம் மட்டும் விலக்கு. அங்கே கை தானாகப் பக்கத்தை நிறுத்துகிறது.

2013 நவம்பரில் படம் வந்தபோது இன்னொரு வேடிக்கை. தலைநகரத்து மக்களின் ஆடம்பர ஒப்பனையை அருவருப்போடு வர்ணிக்கும் கதை இது. அதே ஒப்பனையின் பெயரில் ஓர் அழகுசாதன நிறுவனம் நகப்பூச்சும் உதட்டுச் சாயமும் கொண்டுவந்து விற்றது. வாங்கியவர்கள் புத்தகத்தையும் படித்திருந்தவர்களாக இருக்கலாம். ஸ்னோ பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

கடைசி அத்தியாயங்களில்தான் நடுப்பாகத்தின் முழுக் கசப்பும் வெளியே வருகிறது. களத்தை மூடியிருக்கும் விசை அரணை காட்னிஸ் அம்பெய்து தகர்க்கிறாள். ஒரு கலம் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது. அரசுதான் பிடித்துவிட்டது என்று நினைக்கிறாள். இல்லை, கலகக்காரர்கள். ஆட்டத்தை அமைத்த தலைமை அதிகாரியே அவர்களில் ஒருவர். களத்தில் கூட இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் திட்டம் தெரியும். அவளைக் காப்பாற்றத்தான் அத்தனை பேரும் செத்தார்கள். ஹேமிட்சுக்கும் தெரியும். தெரியாதவர்கள் இருவர்: அவளும் பீட்டாவும். பீட்டாவை மீட்க முடியவில்லை, அவன் எதிரிகள் கையில். ஹேமிட்சின் முகத்தில் நகத்தால் பிறாண்டுகிறாள்.

ஸ்னோ அவளை அடையாளச் சின்னமாகப் பயன்படுத்தினார். நல்லவர்களும் அதையே செய்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: வந்திருப்பது எதற்காக என்று ஸ்னோ அவளிடம் நேரிலேயே சொன்னார். இந்த இடத்தில் புத்தகம் எந்தப் பக்கமும் சாயவில்லை. புரட்சி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்காமல் ஒருவரைக் கொடியாக்கிக் கம்பத்தில் ஏற்றினால் அந்த ஆளுக்கு எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. பிறகு கேல் வந்து, அவளுடைய அம்மாவும் தங்கையும் உயிரோடிருக்கிறார்கள், ஆனால் 12ஆம் மாவட்டம் குண்டுவீச்சில் இல்லாமல் போய்விட்டது என்று சொல்கிறான். அத்தோடு முற்றும். 2009 செப்டம்பரில் அந்தப் பக்கத்தை முடித்தவர்கள் அடுத்ததற்கு 2010 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அநியாயம் என்று அப்போது பலர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம்தான்.

புத்தகத்தின் நடுவில் எளிதில் தாண்டிப்போகிற ஒரு பகுதி இருக்கிறது. மறுபடி களத்துக்குப் போவதற்கு முன் காட்னிஸும் பீட்டாவும் பழைய ஒளிநாடா ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஹேமிட்ச் வென்ற 50ஆவது போட்டி. அந்த ஆண்டு வழக்கத்துக்கு இருமடங்காக 48 பிள்ளைகள். விளிம்பில் இருந்த விசை அரணையே ஆயுதமாக்கி அவர் பிழைத்ததை இருவரும் வாய்பிளந்து பார்க்கிறார்கள். நடந்தது இதுதான் என்று நம்புகிறார்கள், வாசகர்களும் நம்பினார்கள். 2025 மார்ச்சில் காலின்ஸ் அந்தச் சில பக்கங்களுக்கே திரும்பிப் போய் 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' என்று ஒரு முழு நாவல் எழுதினார். ஹேமிட்ச் தன் வாயாலேயே சொல்லும் கதை. நாடாவில் இருந்தது அரசு வெட்டி ஒட்டிய கதை, களத்தில் அந்தப் பையன் செய்த முக்கியமான காரியங்கள் அதில் இல்லவே இல்லை. 16 ஆண்டு கழித்து, அதைப் படித்தவர்கள் நடுப் புத்தகத்தை மறுபடி எடுத்து அந்தப் பக்கங்களைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.